ஓரத்தில் நான்கு விரல்கள்

மீனம்மா அந்தத் தபால் அட்டையை ஓர் அப்பியாசக் கொப்பிக்குள் வைத்து, கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றி, பையைக் கம்பளிச் சட்டைக்குள் நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு வந்திருந்தாள். கந்தப்பளையிலிருந்து வந்த பஸ் கூரை ஒழுகியதாம். கடையின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே இறப்பர் செருப்பைக் கழற்றப் போனவளை, செருப்போடேயே வரச்சொல்லி இசபெல் தடுக்க வேண்டியிருந்தது. நுவரெலியாவில் ஆனி மாதத்துச் சீமெந்துத் தரை வெறுங்காலில் மிதிக்கக்கூடியதல்ல.

கடையில் அப்போது இசபெல் மட்டும்தான் இருந்தாள். முதலாளி பாலச்சந்திரன் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். அது அவளுக்கு நிம்மதியான நேரம். பேராதனையில் பௌதிகவியல் படித்து, ஆசிரியர் நியமனத்துக்கு எழுதிப் போட்டுவிட்டு, ஒன்றரை வருடமாக இந்தக் கலர் லாபில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். வருகிற படங்களை அளவுக்கு வெட்டி, நிறம் திருத்தி, சீடிக்கு ஆயத்தமாக்குவது அவள் வேலை. சின்னப் படங்கள் கடையிலேயே அச்சாகும். பெரியவை சீடியோடு கண்டிக்குப் போய் வியாழக்கிழமை வான் வண்டியில் திரும்பி வரும். கணினி கேள்வி கேட்காது. ஆட்களோடு பேசுவதென்றால் அவளுக்கு வாக்கியங்களை முன்கூட்டியே மனதில் அடுக்கி வைத்துக்கொள்ள வேண்டும். அடுக்கி முடிப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும்.

அட்டையில் ஒரு கொழுந்து பறிக்கும் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். பின்னால் பனிமூட்டம், தலையில் கயிறு, முதுகில் கூடை. சுற்றுலாக்காரர்கள் வாங்குகிற அட்டை. ஹோட்டல்களில் சுழலும் கம்பித் தாங்கியில் யானைக்கும் கண்டி நடனத்துக்கும் நடுவில் வைத்திருப்பார்கள். இசபெல் அட்டையையும் எதிரில் நின்றவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இது நீங்களா?"

"ஆமாங்க மிஸ். ஆறு வருசத்துக்கு முந்தி. அப்ப பல்லு அம்புட்டும் இருந்திச்சு." மீனம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "எங்க தம்பி மகன் ஹோட்டல்ல வேல செய்யிறான். அவந்தான் பாத்துட்டு, அத்த நீங்க இங்க கம்பியில தொங்குறீங்கன்னு கொண்டாந்து குடுத்தான். இத பெருசாப் போட்டுத் தரணும். சாமி படம் அளவுக்கு."

"போடலாங்க. பன்னிரண்டுக்குப் பதினெட்டு."

"அது உங்களுக்குத் தெரியும். எனக்கு இந்த ஓரம் மட்டும் வெட்டுப்படக் கூடாது." ஆட்காட்டி விரல் அட்டையின் இடது விளிம்பில் வந்து நின்றது. தேயிலைச் சாறு ஊறி, ரேகைகள் மை தடவியதுபோலக் கறுத்திருந்த விரல். அது காட்டிய இடத்தில் இசபெலுக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. மேசை இழுப்பறையில் இருந்த பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துப் பார்த்தாள். கூடையின் விளிம்பை நான்கு விரல்கள் பிடித்திருந்தன. மணிக்கட்டோடு அட்டை முடிந்துவிட்டது.

"இது யாருங்க?"

மீனம்மா வாசலைத் திரும்பிப் பார்த்தாள். யாரும் வரவில்லை.

"எம்மக. அன்னைக்கு மலைக்கு எனக்குத் தேத்தண்ணி கொண்டாந்தா. கொழும்புலேர்ந்து ஒருத்தரு கேமராவத் தூக்கிட்டு வந்து நின்னாரு. இவ நானும் நிப்பேன்னு என் கூடயப் புடிச்சிக்கிட்டா. படத்துல அவள விட்டுட்டாங்க. அடுத்த வருசம் காச்சல்ல போயிட்டா, மிஸ். பதினஞ்சு வயசு. அடையாள அட்டைக்குப் படம் எடுக்கிற வயசுகூட வரல." அவள் குரலில் அழுகை இல்லை. பஸ் நேரம் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டு போனாள். "வீட்டுல ரெண்டு மூணு போட்டோ இருந்திச்சு. பொறவு நாங்க குடியிருந்த லயத்துல நெருப்புப் புடிச்சிது இல்லீங்களா, பன்னெண்டு காம்பராவும் போயிருச்சு. பள்ளிக்கூடத்துல கேட்டேன். குரூப் போட்டோ எடுத்த அன்னைக்கு அவ போகல. தல வலிக்குதுன்னு படுத்திருந்தா. நாந்தான் படுத்துக்கன்னு சொன்னேன்."

இசபெல் அட்டையை வெளிச்சத்துக்கு நகர்த்தினாள். பூதக்கண்ணாடியை எடுத்தாள், திரும்ப வைத்தாள்.

"ஐயாகிட்ட இத சொல்லாதீங்க மிஸ். கையப் படமாப் போட வந்திருக்கான்னு சிரிப்பாங்க. எம்படத்த நானே ஆசப்பட்டுப் பெருசாப் போடுறேன்னு இருக்கட்டும்."

"சொல்ல மாட்டேங்க," என்றாள் இசபெல். ஒருவருக்கு அவள் கொடுக்கக்கூடிய வாக்குகளில் மிக எளிதானது அதுதான்.

பாலச்சந்திரன் குடையை உதறிக்கொண்டு உள்ளே வந்தபோது மீனம்மா முக்காடு போட்டுக்கொண்டு கொஞ்சம் ஒதுங்கி நின்றாள். அவர் அட்டையைக் கையில் வாங்கி முன்பக்கம் ஒருதரம் பார்த்தார். உடனே திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். அவர் எந்தப் படத்தையும் அப்படித்தான் பார்ப்பார்.

"பிள்ளை, பின்னுக்கு என்ன எழுதிக் கிடக்கெண்டு பாத்தனீரோ? உரிமை எல்லாம் படமெடுத்தவருக்கு எண்டு கிடக்கு. கடிதம் இல்லாமல் நாங்கள் அடிக்கேலாது."

"சேர், இது இவங்களோட படம்."

"முகம் அவவின்ரை. படம் ஆற்றை?"

படம் யாருடையது என்ற கேள்விக்குக் கடைச் சுவரிலேயே பதில் இருந்தது. பிறர் எடுத்த படங்கள் அவர்களின் கடிதமின்றிப் பிரதி செய்யப்படமாட்டா என்று மூன்று மொழியில் எழுதிக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார். மற்றக் கடைக்காரர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். யாழ்ப்பாணத்தில் இருந்த காலத்தில், ஒரு தேர்த்திருவிழாவன்று விடிய நாலு மணிக்குப் பக்கத்துக் கூரையில் ஏறிப் பிடித்த அவரது படம் ஒன்று அடுத்த வருடம் யாரோ ஒரு நகைக்கடைக் கலண்டரில் வேறொருவர் பெயரோடு வந்தது. அந்தக் கலண்டரை அவர் இன்னும் வைத்திருக்கிறார். இடம்பெயர்ந்து வந்தபோது கொண்டுவந்த பொருட்களில் அதுவும் ஒன்று.

"அம்மா, குறை நினையாதேங்கோ. இவர் ஈமெயில் விலாசம் போட்டிருக்கிறார். பிள்ளை எழுதிக் கேட்கட்டும். ஓமெண்டால் செய்து தருவம்."

மீனம்மாவுக்கு முழுவதும் விளங்கியதா என்று தெரியவில்லை. "என் மூஞ்சியப் போட நான் யாருகிட்டங்க உத்தரவு கேக்கணும்?" என்று சிரித்தாள். பிறகு, "கேளுங்க, கேளுங்க. தொரைகிட்ட லீவு கேக்கிறத விடக் கஷ்டமாவா இருக்கப் போவுது," என்றாள். மத்தியானத்தோடு மலையிலிருந்து இறங்கி வந்துவிட்டதால் கணக்குப்பிள்ளை அரைப்பேர்தான் போடுவார், முழுநாள் சம்பளம் கிடைக்காது என்று சொல்லிக்கொண்டே அடுத்த பஸ்ஸுக்கு ஓடினாள்.

அவள் போனபின் இசபெல் அட்டையை ஸ்கானரில் வைத்தாள். கடிதமே தேவையில்லாமல் வேலை முடிந்தால் என்ன என்று ஒரு சின்னச் சபலம். திரையில் படத்தைப் பெரிதாக்கப் பெரிதாக்க அந்த விரல்கள் கலைந்துபோயின. நீலம், மஞ்சள், கருஞ்சிவப்பு, கறுப்பு. அச்சு இயந்திரம் வைத்த புள்ளிகள் கடுகைக் கொட்டியதுபோல விரிந்தன; விரல் எங்கே முடிகிறது, கூடை எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை. படித்தபோது இதை அவள் கணக்காகச் செய்திருக்கிறாள். பதிவாகாத தகவலை எந்த வழியாலும் திரும்ப எடுக்க முடியாது. பெரிதாக்குவதால் ஒன்றும் கூடுவதில்லை. பரீட்சையில் அதை நிறுவி முழுப் புள்ளியும் வாங்கினாள். அது ஒரு ஆளின் கையைப் பற்றியதாக இருக்கும் என்று அப்போது தோன்றவில்லை.

படமெடுத்தவர் பெயர் ஜெரோமி. கொழும்பு விலாசம். அவருக்கு ஆங்கிலத்தில் ஆறு வரி எழுத இசபெலுக்கு இரண்டு நாள் பிடித்தது. அட்டையில் இருக்கும் பெண் தன் வீட்டில் மாட்டுவதற்கு ஒரு பெரிய பிரதி கேட்கிறாள், அனுமதியும் அச்சுக்கு ஏற்ற கோப்பும் அனுப்ப முடியுமா, விற்பனைக்கல்ல. எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒன்று நினைவுக்கு வந்தது. அட்டை என்பது ஏதோ ஒரு முழுப் படத்திலிருந்து வெட்டியது. முழுப் படம் எங்கேயாவது இருக்கும். அதில் மணிக்கட்டுக்கு அப்பாலும் இருக்கும். ஏழாவது வரியாக அதைக் கேட்டு எழுதினாள். ஒரே கடிதத்தில் இரண்டு உதவி கேட்பது பேராசையாகத் தெரிந்தது. அழித்துவிட்டாள்.

கடையில் ஒரே ஒரு தொலைபேசி இணைப்பு. இணையத்தைப் போட்டால் தொலைபேசி செத்துவிடும் என்பதால் பாலச்சந்திரன் மத்தியானம் அரைமணி நேரம் மட்டும் விடுவார். நாலாம் நாள் பதில் வந்தது. மரியாதையான பதில். ஒரு பிரதி அச்சிட அனுமதிக்கிறேன், சொந்தப் பாவனைக்கு மட்டும். அட்டைக் கம்பெனி அளவுக்கு வெட்டி எனக்கு அனுப்பிய கோப்பை இணைத்திருக்கிறேன். வாழ்த்துகள். இசபெல் அதை அச்செடுத்து வேலை உறையின் மேல் பின் அடித்தாள்.

அந்தக் கோப்பில் விரல்கள் விரல்களாகவே இருந்தன. நகங்களில் சிவப்புப் பூச்சு பாதி உதிர்ந்திருந்தது. சின்ன விரலுக்குக் கீழே ஒரு பழைய கீறல். மணிக்கட்டில் இரண்டு இறப்பர் வளையங்கள், சாமான் பொதிகளில் வருமே, அவை. அந்தப் பெண் பிள்ளை கூடையை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தாள் என்பது நகத்தடி வெளுத்திருந்ததில் தெரிந்தது. இசபெல் வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டினாள். பனியின் நீலத்தைக் குறைத்தாள். வேறொன்றும் செய்யவில்லை. வருகிற முகங்களையெல்லாம் வெள்ளையாக்குவது கடையின் வழக்கம், வாடிக்கையாளர்கள் அதைத்தான் கேட்பார்கள். ஆனால் மீனம்மாவின் முகத்தை அவள் அப்படியே விட்டாள். பன்னிரண்டுக்குப் பதினெட்டு, அங்குலத்துக்கு முந்நூறு புள்ளி என்று வைத்துச் சேமித்தாள்.

வேலை உறையில் குறிப்பு என்று ஒரு கட்டம் உண்டு. அவள் பேனாவை அதன்மேல் வைத்தாள். ஓரத்திலுள்ள விரல்கள் இருக்க வேண்டும் என்று எழுதினால் பாலச்சந்திரன் ஏன் என்று கேட்பார். கேட்டால் சொல்ல வேண்டும். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தாயிற்று. அது மட்டும் அல்ல. அவர் ஏன் என்று கேட்டால் பதில் வாக்கியங்களை அவர் முன்னாலேயே அடுக்க வேண்டியிருக்கும். கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு, அன்று மாலை முதலாளி சீடி எழுதுவதற்காகக் கோப்பை அவருடைய மேசைக் கணினிக்கு மாற்றினாள். சீடி எழுதும் கருவி அதில்தான் இருந்தது.

வியாழக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குக் கண்டியிலிருந்து வான் வந்தது. படங்களை அட்டைக் குழாயிலிருந்து உருவி எடுத்து விரித்தபோது இசபெல் முதலில் பார்த்தது இடது ஓரத்தை. அங்கே கூடையின் விளிம்பு மட்டும் இருந்தது. பிரம்பின் பின்னல் தடங்கலில்லாமல் தொடர்ந்தது. அதற்கு மேலே இரண்டு தேயிலைக் கொழுந்து, படத்தின் வேறு மூலையிலிருந்து எடுத்து நட்டவை, கச்சிதமாக நின்றன. மீனம்மாவின் முகமும் ஒரு சுற்று வெளுத்திருந்தது.

"எப்பிடி?" பாலச்சந்திரன் பின்னால் வந்து நின்றார். "ஓரத்தில ஆற்றையோ கை ஒண்டு அந்தரத்தில கிடந்தது. சீடி எழுதேக்கை கண்டன். நல்ல படத்துக்கு அது வடு. ஒரு மணித்தியாலம் இருந்து எடுத்துப்போட்டன். இப்ப பாரும், கை இருந்த இடம் தெரியுதோ?"

தெரியவில்லை. அதுதான் கொடுமை. அவரது கைத்திறன் அப்படி. பதிவாகாததைத் திரும்ப எடுக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். பதிவானதை இல்லாமல் ஆக்க ஒரு மணித்தியாலம் போதும் என்பதை யாரும் நிறுவச் சொல்லிக் கேட்டதில்லை. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கதவு திறந்தது. தம்பி மகன் மூலம் சொல்லியனுப்பியிருந்தபடி, இன்றைக்கும் அரைப்பேரோடு மீனம்மா வந்து நின்றாள். இந்தமுறை தலைசீவிப் பூ வைத்திருந்தாள். படத்தைச் சுற்றிக்கொண்டு போக வீட்டிலிருந்து ஒரு வெள்ளைத் துண்டும் கொண்டுவந்திருந்தாள்.

படத்தை மேசையில் விரித்தார்கள். மீனம்மா தன் முகத்தைப் பார்க்கவேயில்லை. இடது ஓரத்தில் கண்ணை வைத்து மேலிருந்து கீழ்வரை வந்தாள். திரும்பவும் மேலே போனாள். பிறகு, காகிதம் மடங்காமல் இரண்டு கையாலும் தூக்கி, படத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். வெள்ளையாக இருந்தது. அங்கேயும் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள்.

"எங்க மிஸ்?" என்றாள் மெதுவாக.

பாலச்சந்திரன் இருவர் முகத்தையும் பார்த்தார். "என்ன, வடிவா வரேல்லையோ?"

"சேர்," என்றாள் இசபெல். அடுக்கி வைக்க நேரமில்லை. "அந்தக் கை இவங்க மகளோடது. அந்தப் புள்ள இப்ப இல்ல. வேற படமே இல்ல. அந்தக் கைக்காகத்தான் இந்தப் படமே. எனக்குத் தெரியும், நான் சொல்லல."

கடைக்கு வெளியே ஒரு ஓட்டோ எஞ்சினை முறுக்கிக்கொண்டு மேட்டில் ஏறியது. பாலச்சந்திரன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கழற்றினால் அவருக்கு ஒன்றும் தெரியாது.

"அம்மா," என்றார். இசபெல் பக்கம் திரும்பினார். "நான் தொட்டது ஆற்றையோ படம். ஒரு சொல்லும் கேளாமல் தொட்டிருக்கிறன். என்ன மனுசன் நான்."

"பைல் ஈமெயில்ல அப்பிடியே இருக்கு சேர். திரும்ப அடிக்கலாம்."

"அடிக்கலாம்." அவர் உறையில் பின் அடித்திருந்த கடிதத்தைத் தடவிக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார். "ஒரு பிரதி எண்டுதானே எழுதியிருக்கிறார். அந்த ஒண்டு இதுதான். அடிச்சாச்சு."

இசபெலுக்கு முதன்முறையாக அந்த மனிதர்மேல் கோபம் வந்தது. யாருக்குத் தெரியப் போகிறது? கண்டிக்கு இன்னொரு சீடி அனுப்பினால் கொழும்பில் ஒருவருக்கு எப்படித் தெரியும்? ஆனால் அவர் சட்டம் பேசவில்லை என்பதும் அந்தக் கணமே அவளுக்குத் தெரிந்தது. தன் பிழையை இன்னொரு பிழையால் மூடிவிடாமல், குனிந்த தலையோடு அவர் தனக்குத் தானே மதில் கட்டிக்கொண்டிருந்தார்.

"போன் எடுத்துக் கேப்பம்," என்றார். "இலக்கம் கீழ கிடக்கு. நான் கதைக்கிறன். என்ரை இங்கிலீசு உமக்குத் தெரியும்தானே, கப்பல் கவிழ்ந்தாலும் கதைப்பன்."

"இல்ல சேர். நான் பேசுறேன்."

சொன்னபிறகுதான் தான் சொன்னது அவளுக்குக் கேட்டது. ஒரு கடதாசியில் மூன்று வாக்கியம் எழுதினாள். எழுத்துக் கோணிக்கொண்டு போனது. மீனம்மா அதைப் பார்த்துவிட்டு, தன் வெள்ளைத் துண்டை எடுத்து அவள் தோளில் போட்டாள், குளிரில் விரல் விறைத்துவிட்டது என்று நினைத்து.

மறுமுனையில் ஒரு ஆண் குரல். பின்னால் நாய் குரைத்தது. இசபெல் கடதாசியில் இருந்ததை வாசித்தாள். என்ன காரணத்துக்காக இன்னொரு பிரதி என்று அவர் கேட்டார். அந்தக் கேள்வி கடதாசியில் இல்லை. அவள் சொன்னாள். ஆங்கிலத்தில் எந்தக் காலத்தில் எந்த வினைச்சொல்லைப் போட்டாள் என்று அவளுக்கு நினைவில்லை. கை என்றாள், மகள் என்றாள், நெருப்பு என்றாள். எங்கள் கடையில் நாங்கள்தான் அழித்தோம் என்றாள்.

பிறகு அவர் சொன்னார்: எத்தனை பிரதி வேண்டுமானாலும் போடுங்கள். அட்டைக் கம்பெனிதான் ஓரத்தை வெட்டியது. அது சிலைட் பிலிம். பெட்டிகள் மேல் அறையில் கிடக்கின்றன, கொழும்புப் புழுக்கத்தில் பாதி பூஞ்சணம் பிடித்துவிட்டது. தேடிப் பார்க்கிறேன். கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன்.

அவள் அதைத் தமிழில் சொன்னபோது, மீனம்மா கேட்டது ஒன்றே ஒன்று. "முழுசாவா?"

"இருந்தா முழுசாங்க. இருக்குமான்னு தெரியல."

அடுத்த பதினெட்டு நாளும் கடை வழக்கம்போல நடந்தது. பாலச்சந்திரன் சொந்தக் கையால் அந்தப் படத்தைத் திரும்பக் கண்டிக்கு அனுப்பினார், விரல்களோடு, முகத்தின் நிறத்தைத் தொடாமல். குறிப்புக் கட்டத்தில் 'எதையும் எடுக்க வேண்டாம்' என்று எழுதி இரண்டு தரம் அடிக்கோடு போட்டார். வந்ததைச் சட்டம் போட்டு மீனம்மாவிடம் கொடுத்தபோது அவள் துண்டில் சுற்றி, பிள்ளையைத் தூக்குவதுபோல இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். தான் துடைத்து எடுத்த முதல் பிரதியை அவர் எறியவில்லை. கலண்டர் இருந்த இழுப்பறைக்குள் வைத்தார். இசபெல் அதைக் கண்டும் காணாததுபோல இருந்தாள்.

பத்தொன்பதாம் நாள் ஈமெயில் வந்தது. சிலைட் கிடைத்தது. வலப்பக்க மூலையில் பூஞ்சணம், மற்றப்படி பிழையில்லை. சின்னதாக ஸ்கான் செய்து இணைத்திருக்கிறேன், அவர்கள் பார்த்துச் சரியென்றால் பெரிய கோப்பைச் சீடியில் அனுப்புகிறேன். கீழே இன்னொரு பந்தி. அன்றைக்கு அந்த அம்மாவிடம் நான் அனுமதி கேட்கவில்லை. பெயரும் கேட்கவில்லை. நீங்கள் என்னிடம் அனுமதி கேட்டு எழுதியதிலிருந்து அது மனதில் கிடக்கிறது. அட்டை இன்னும் விற்கிறது. விற்கலாமா என்று அவரிடம் கேட்டுச் சொல்வீர்களா?

இசபெல் இணைப்பைத் திறக்கவில்லை. ஹோட்டலில் வேலை செய்யும் மீனம்மாவின் தம்பி மகனிடம் சொல்லி அனுப்பிவிட்டு ஞாயிற்றுக்கிழமைவரை வைத்திருந்தாள். நான்கு நாளும் அந்த ஈமெயிலின் ஓரத்தில், இணைப்பு உண்டு என்று காட்டும் சின்னக் காகிதக் கொளுவி அடையாளம் இருந்துகொண்டே இருந்தது. திறந்து பார்த்துவிட்டு மூடினால் யாருக்கும் தெரியாது. ஆனாலும், முதலில் பார்க்கும் உரிமை தன்னுடையதல்ல என்று அவளுக்கு உறுதியாகத் தெரிந்தது. அதற்குக் கடிதம் எதுவும் தேவைப்படவில்லை.

ஞாயிறு காலை மீனம்மா வந்தாள். பாலச்சந்திரன் தன் கதிரையை இழுத்துக் கணினிக்கு முன்னால் போட்டு அவளை உட்காரச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் கல்யாண வீட்டுக்காரர்கள் தொலைபேசியில் கூப்பிடுவார்கள். அவர் போனைக் கழற்றி இணையத்துக்கான வயரை மாட்டினார். "நீங்கள் ஆறுதலாப் பாருங்கோ அம்மா. நான் வெளியில நிக்கிறன்," என்று கதவைச் சாத்திக்கொண்டு போய் மழைத்தூறலில் நின்றார்.

இசபெல் முதலில் கீழ்ப் பந்தியைத் தமிழில் சொன்னாள். மீனம்மா விரல் நகத்தைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு அவரு கேட்டிருந்தாருன்னா வேணாம்னுதாங்க சொல்லியிருப்பேன். கொழுந்து நிறுக்கிற நேரம். கங்காணி கத்துவாரேன்னு போங்கன்னு வெரட்டியிருப்பேன்." அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். "கேக்காததுனாலதான் இந்தப் படமே இருக்கு. இத எப்புடிப் புள்ள எழுதுவ நீ?"

மிஸ் எப்போது புள்ள ஆனது என்று இருவருமே கவனிக்கவில்லை.

"அப்பிடியே எழுதுறேங்க."

"எழுது. விக்கட்டும். ஆனா எம்மக பேரு போடச் சொல்லு. யோகராணின்னு. எம்பேரு அப்பறம் போட்டாப் போதும்."

இசபெல் காகிதக் கொளுவியை அழுத்தினாள். மோடம் இரைந்தது. திரையில் ஒரு வெள்ளைக் கட்டம் விழுந்தது, அட்டையைவிட அகலமான கட்டம். படம் மேலிருந்து ஒவ்வொரு கோடாக இறங்கத் தொடங்கியது. முதலில் வெறும் பனி. வெகுநேரம் பனி மட்டும்தான். பிறகு ஒரு சவுக்கு மரத்தின் நுனி, அதற்குப் பின்னால் மலையின் முதுகு. மீனம்மா தன் தலைக்கயிறு எங்கே வரும் என்று வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அது இன்னும் வரவில்லை. இடப்பக்கம், அட்டை முடிந்துபோகிற இடத்துக்கு அப்பால், பனிக்குள் கறுப்பாக ஒரு வளைவு முளைத்தது.

"என்னைய விட வளந்துட்டா," என்றாள் மீனம்மா. "அப்பவே வளந்துட்டா, நான் பாக்கவேயில்ல."

அடுத்த கோடு. எண்ணெய் வைத்து இழுத்துச் சீவிய தலை. அடுத்தது. நடுவகிடு, கொஞ்சம் கோணல். இணைப்பு ஒரு நொடி நின்றது, திரும்ப நகர்ந்தது. மீனம்மாவின் கறுத்த விரல் திரையில் பட்டும் படாமலும் அந்தக் கோட்டின் மேல் நின்றது. கோடு இறங்க இறங்க அதுவும் கூடவே இறங்கியது. வகிடு முடிந்து, நெற்றியின் முதல் வெளிச்சம் வந்துகொண்டிருந்தது.